பேராசிரியருக்கொரு நியாயம், பயிற்றுவிப்பாளருக்கொரு நியாயம்

ஒரு பல்கலைக்கழகம் தன்னைப்பற்றி எதைக் கூறிக்கொள்ள விரும்புகின்றது என்பதை அதன் சாசனத்திலும் பட்டமளிப்பு விழாப் பேருரைகளிலும் காணலாம். அது மெய்யாகவே எவருக்குக் கட்டுப்பட்டது என்பதை அறிய விரும்புவோர் வேறிடத்தில் நோக்குதல் வேண்டும். யாரை அது பதவியில் அமர்த்துகின்றது, எத்தகைய சான்றுகளைக் கேட்டு அமர்த்துகின்றது, அமர்த்தும் வேளையில் எவருடைய முகக்குறிப்பைப் பார்த்துக்கொள்கின்றது என்பவையே அதன் எழுதப்படாத யாப்பு. இந்நோக்கிலே ஐக்கிய அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகங்கள் தமது விளையாட்டு அணிகளுக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை ஆராயத்தக்கது. அது ஆராயத்தக்கது மாத்திரமன்று, கண்டிக்கத்தக்கதும் ஆகும் என்பதே இக்கட்டுரையாளனின் நிலைப்பாடு.

தூரத்து நாடொன்றின் விளையாட்டுக் கருமம் எமக்கெதற்கு எனச் சிலர் வினவக்கூடும். எமது பட்டதாரிகளிற் பலர் உயர்பட்ட ஆய்வின் பொருட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். மீண்டு வருவோர் அங்குள்ள நடைமுறைகளை எமக்கு எடுத்துரைக்கின்றனர். நியமனம், பதவி உயர்வு ஆகியன குறித்து இங்கு வாதம் எழும்போதெல்லாம் ‘அமெரிக்காவில் இவ்வாறன்று’ என்ற வாக்கியம் மேசைமீது வைக்கப்படுகின்றது. அக்கூற்றில் உண்மையுண்டு. ஆனால் அது வளாகத்தின் ஒரு பாதியைப் பற்றிய உண்மை மாத்திரமே.

அந்தப் பாதியை முதலில் நோக்குவோம். அங்கு உதவிப் பேராசிரியர் ஒருவரை எடுப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே பகிரங்க விளம்பரம் வெளிவரும். துறையினர் குழு அமைப்பர். வெளியாரிடமிருந்து மதிப்பீட்டுக் கடிதங்கள் பெறப்படும். விண்ணப்பித்தோரின் எழுத்துகள் வாசிக்கப்படும். இறுதிச் சுற்றுக்கு வந்தோர் வளாகத்துக்கு அழைக்கப்பட்டு, ஆசிரியர் மாணவர் அனைவர் முன்னிலையிலும் விரிவுரையாற்றி, வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். அதன்பின் துறையின் வாக்கு, பீடாதிபதியின் இசைவு எனக் கருமம் ஓராண்டுவரை நீள்வதுண்டு. அவ்வளவும் கடந்து வந்தவர்கூட ஏறத்தாழ ஆறாண்டு தகுதிகாண் நிலையில் இருந்து, மறுபடியும் வெளியாரின் மதிப்பீட்டுக்கு உள்ளான பின்னரே நிரந்தரமாக்கப்படுவார். ஐயத்தை அடிப்படையாகக் கொண்ட முறை இது. அறிவுலகின் முறையும் அதுவே.

மற்றைப் பாதியில் நிகழ்வது வேறு. அமெரிக்காவில் கால்பந்து என வழங்குவது நாமறிந்த உதைபந்தாட்டம் அன்று. றக்பியின் வழிவந்து, கவசமணிந்த பதினொருவர் முட்டைவடிவப் பந்தைக் கையிலேந்தி மோதும் ஆட்டம். இவ்வாட்டத்தின் பொருட்டுப் பல்கலைக்கழகங்கள் எழுப்பியுள்ள அரங்குகளிற் சில ஓரிலட்சம் பேருக்கு மேல் அமரத்தக்கவை. பெரும்பாலான மாநிலங்களில் அரச ஊழியருள் மிகக்கூடிய ஊதியம் பெறுபவர் மாநில ஆளுநரும் அல்லர், மருத்துவப் பேராசிரியரும் அல்லர். அரச பல்கலைக்கழகமொன்றின் பயிற்றுவிப்பாளரே. அப்பதவி வெறிதாகும்போது பெயரளவுக்கு ஒரு விளம்பரம் வெளிவரலாம். ஆனால் விண்ணப்பங்களை எவரும் பார்ப்பதில்லை. விளையாட்டுத்துறைப் பணிப்பாளர், அவரோடு தொலைபேசித் தொடர்புள்ள சில பெருங்கொடையாளர், கூலிக்கு அமர்த்தப்பட்ட தேடல் நிறுவனமொன்று, பயிற்றுவிப்பாளரின் முகவர் ஆகியோரிடையே கருமம் முடிந்துவிடும். தேடல் நிறுவனத்தின் பயன் யாதெனில், பல்கலைக்கழகம் எவரோடும் பேசவில்லை எனப் பல்கலைக்கழகம் கூறிக்கொள்ள இயல்வதாகும். அரச நிறுவனங்களின் ஆவணங்களைக் கேட்டுப்பெறும் உரிமையை மக்களுக்கு வழங்கும் சட்டங்கள் தனியார் நிறுவனத்தின் கோப்புகளை இலகுவில் எட்டா. சந்திப்பு வெளியூர் விடுதியிலோ கொடையாளர் ஒருவரின் தனி விமானத்திலோ நிகழும். இரசிகர்கள் அவ்விமானங்களின் பதிவிலக்கங்களைக் குறித்துவைத்து, எது எவ்வூரில் இறங்கியது எனப் பார்த்து, புதிய பயிற்றுவிப்பாளரின் பெயரை ஊகிக்கின்றனர். பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குக் கிட்டும் தகவலும் பெரும்பாலும் இம்மட்டே. 2024 ஜனவரி 10ஆம் திகதி அலபாமாப் பல்கலைக்கழகத்தின் நிக் சேபன் ஓய்வுபெற்றார். 12ஆம் திகதி வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தின் கேலன் டிபோர் அவ்விடத்துக்கு வந்துவிட்டார். நூலகத்துக்கு ஓர் உதவியாளரை எடுப்பதற்கும் அப்பல்கலைக்கழகங்கள் இதனிலும் நீண்டகாலம் எடுத்துக்கொள்ளும்.

இது நேற்று முளைத்த நோயன்று. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முதற்றலைவரான வில்லியம் ரெயினி ஹார்ப்பர், 1892இல் அமோஸ் அலொன்சோ ஸ்ராக் என்பவரை உடற்கல்வித் துறையின் தலைமைக்கு ஆசிரியத் தரத்தோடு அழைத்துவந்தார். பயிற்றுவிப்பாளர் ஆசிரியக் குழாத்தின் உறுப்பினர் என்ற கோட்பாடு அதனால் நிலைபெற்றது. கோட்பாடு குறையற்றதே, ஆயினும் அதன் உள்நோக்கம் புதிய பல்கலைக்கழகத்துக்குப் பெயரும் பணமும் தேடுவதாகவிருந்தது. 1905இல் ஹாவாட், பில் றீட் என்ற இளைஞருக்கு முன்னாள் மாணவரின் பங்களிப்பும் சேர்ந்து 7,000 டொலர் வழங்கியது. அத்தொகை அங்குள்ள எந்தப் பேராசிரியரின் ஊதியத்திலும் மிக்கது. பல்கலைக்கழகத் தலைவர் சார்ள்ஸ் எலியற்றின் ஊதியத்தை அண்மியது. எலியற் அவ்வாட்டத்தை வெளிப்படையாக வெறுத்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. தலைவர் வெறுக்க, முன்னாள் மாணவர் பணங்கொடுக்க, பயிற்றுவிப்பாளர் வந்து சேர்ந்தார். பின்வந்த நூற்றாண்டு முழுவதும் அரங்கேறிய நாடகத்தின் பாத்திரங்கள் அனைவரும் அன்றே மேடையில் நின்றனர் எனலாம். 1929இல் கார்னெகி நிறுவகம் கல்லூரி விளையாட்டுகள் பற்றி வெளியிட்ட பேரறிக்கை வணிகமயமாதலைக் கண்டித்து, பொறுப்பைக் கல்லூரித் தலைவர்மீதும் ஆசிரியர்மீதும் சுமத்திற்று. அறிக்கை வாசிக்கப்பட்டது, அரங்குகள் மேலும் உயர்ந்தன.

பொதுப்படப் பேசுவதை விடுத்து இரு பல்கலைக்கழகங்களின் அண்மைக்கால வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம். ஒன்று கத்தோலிக்கத் தனியார் நிறுவனம், மற்றையது தென்மாநிலமொன்றின் அரச நிறுவனம்.

நொற்றர் டேம் பல்கலைக்கழகம் 2001 டிசம்பரில் ஜோர்ஜ் ஓலியரி என்பவரைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக்கியது. ஐந்து நாட்களில் அவர் பதவி துறந்தார். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றதாகவும், கல்லூரி நாட்களில் அணியில் ஆடிச் சின்னம் பெற்றதாகவும் அவர் தந்திருந்த விவரங்கள் பொய்யென வெளிப்பட்டமையே காரணம். ஓலியரியின் பொய் இங்கு எமது ஆய்வுப்பொருளன்று. அப்பொய் அவர் முன்னர் பணிபுரிந்த நிறுவனங்களையும் கடந்து நொற்றர் டேம்வரை வந்து, பத்திரிகையாளர் விசாரித்தபோதே வெளிப்பட்டது என்பதே ஆய்வுப்பொருள். பட்டம் வழங்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம், ஒருவர் பட்டம் பெற்றாரா எனக் கேட்டு ஒரு கடிதம் எழுதவில்லை. முதலாண்டு மாணவனொருவன் அனுமதி கோரும்போது சான்றிதழின் மூலப்பிரதியைக் கேட்கும் அதே பதிவாளர் காரியாலயம் அவ்வளாகத்திலேயே இருந்தது.

ஓலியரிக்குப் பதிலாக வந்தவர் ரைரோன் வில்லிங்ஹம். அப்பல்கலைக்கழகத்தில் எவ்விளையாட்டுக்கும் தலைமைப் பயிற்றுவிப்பாளரான முதற் கறுப்பினத்தவர் அவர். முதற் பருவத்தில் பத்து வெற்றிகள். மூன்று பருவங்களில் 21 வெற்றி, 15 தோல்வி. 2004 நவம்பர் இறுதியில், ஒப்பந்தக் காலம் எஞ்சியிருக்கவே, அவர் விலக்கப்பட்டார். அவருக்கு முன்னிருந்த வெள்ளையரான ஜெரி ஃபவுஸ்ற், பொப் டேவி ஆகியோர் இவரிலும் மேலான பேறு எதனையும் காட்டாதபோதும் ஐந்து பருவம் முழுமையாக ஆள விடப்பட்டனர். அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் எட்வேட் மலோய், இம்முடிவு தமக்கு வெட்கத்தைத் தந்ததெனப் பகிரங்கமாகவே கூறினார். இவ்விடத்தில் வாசகர் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் தலைவர் தமது பல்கலைக்கழகம் எடுத்த முடிவைக் குறித்து வெட்கப்படுகின்றார். ஆனால் அதனைத் தடுக்க இயலாதவராக இருக்கின்றார். ஆட்சி எவர் கையில் இருந்தது என்பதற்கு இதனிலும் தெளிவான வாக்குமூலம் வேண்டுவதில்லை.

அடுத்து வந்த சார்ளி வைஸ், முதற் பருவம் முடிவுறுமுன்னரே, ஏழு ஆட்டங்களில் இரண்டிற் தோற்றிருந்த நிலையில், பத்தாண்டு நீடிப்பைப் பெற்றார். 2009இல் விலக்கப்பட்டார். அதற்கு ஈடாக 2015வரை அவருக்குச் சென்ற தொகை ஏறத்தாழ 19 மில்லியன் டொலர். கறுப்பினத்தவருக்கு மூன்று பருவத்தில் முடிந்த பொறுமை, வெள்ளையருக்கு ஏழு ஆட்டத்திற் பத்தாண்டு நம்பிக்கையாக மலர்ந்தது. இதனை நிறவாதம் எனக் கூறத் தயங்குவோர், வேறெந்தச் சொல் இவ்விரு முடிவுகளையும் ஒருங்கே விளக்குமெனக் கூறட்டும். நாடளாவிய நிலையும் இதற்குச் சாதகமாகவே சான்று பகர்கின்றது. முதற்தரப் பிரிவின் ஆட்டக்காரரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் கறுப்பினத்தவர். தலைமைப் பயிற்றுவிப்பாளருள் அவர்தம் பங்கு பத்திலொன்றை ஒட்டியே நிற்கின்றது. அப்பிரிவில் ஒரு கறுப்பினத்தவர் முதன்முதலாகத் தலைமைப் பதவி பெற்றது 1979இல், விச்சிற்றா அரச பல்கலைக்கழகத்தில். தென்கிழக்கு மாநிலங்களின் பெருங்கூட்டமைப்பிலோ 2003 டிசம்பரிலேயே அது நிகழ்ந்தது. நேர்முகத்துக்கேனும் சிறுபான்மையினர் ஒருவரை அழைத்தாக வேண்டுமென 2009இல் ஒறிகன் மாநிலம் தன் அரச பல்கலைக்கழகங்களுக்குச் சட்டமியற்ற வேண்டியிருந்தது. சமத்துவத்தை வகுப்பறையிற் போதிக்கும் நிறுவனங்களுக்கு அதனைச் சட்டத்தாற் போதிக்க வேண்டிவந்த விந்தை இது. பெண்கள் நிலையும் நோக்கத்தக்கது. கல்வியிற் பால் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972இல் வருமுன்னர், பெண்கள் அணிகளிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தனர். பதவிகளுக்கு நல்ல ஊதியமும், நியமிக்கும் அதிகாரம் ஆண் பணிப்பாளரிடமும் வந்து சேர்ந்தபின் அவ்விகிதம் பாதிக்குங் கீழே இறங்கிவிட்டது.

இனி லூயிசியானா அரச பல்கலைக்கழகம். 2015 ஏப்ரிலில், மாநில அரசின் நிதிவெட்டுக்கு அஞ்சி, அப்பல்கலைக்கழகம் தன்னை நிதி நெருக்கடிக்குள்ளான நிறுவனமாகப் பிரகடனஞ் செய்வதற்கான திட்டத்தை வரையத் தொடங்கியது. அப்பிரகடனம் வருமாயின் நிரந்தரப் பேராசிரியரையும் நீக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் அதே வளாகத்தில் வேறொரு விவாதம் நிகழ்ந்தது. பயிற்றுவிப்பாளர் லெஸ் மைல்ஸை விலக்குவதா, விலக்கின் அவருக்குரிய 15 மில்லியன் டொலர் அளவிலான நட்டஈட்டை எவர் தருவது என்பதே விவாதம். அவ்வாண்டு தப்பிய அவர், 2016 செப்ரெம்பரில் நான்கு ஆட்டங்களின் பின் விலக்கப்பட்டார். அடுத்தவர் எட் ஓஜரொன், 2019ஆம் ஆண்டுப் பருவத்திற் தேசிய வாகை சூடினார். இரண்டே ஆண்டுகளில், 2021 ஒக்ரோபரில், ஏறத்தாழ 17 மில்லியன் பெற்று வெளியேறும்படியாயிற்று. அடுத்து அழைக்கப்பட்டவர் நொற்றர் டேமிலிருந்த பிரையன் கெலி. பத்தாண்டுக்கு 95 மில்லியன். 2025 ஒக்ரோபர் 26ஆம் திகதி, சொந்த அரங்கில் நிகழ்ந்த ஒரு தோல்வியின் மறுநாள், அவரும் விலக்கப்பட்டார். கொடுக்கவேண்டிய மிகுதி ஏறத்தாழ 54 மில்லியன்.

அவ்வேளை அப்பல்கலைக்கழகத்துக்கு நிரந்தரத் தலைவரே இருக்கவில்லை, பதிற்கடமையாற்றுபவரே இருந்தார். எமது மொழியிற் கூறின், உபவேந்தர் இல்லாத பல்கலைக்கழகம். ஆனால் பயிற்றுவிப்பாளர் இல்லாத நிலைதான் நாடு முழுவதும் செய்தியாயிற்று. சில நாட்களில் மாநில ஆளுநர் ஜெவ் லன்ட்ரி பத்திரிகையாளர் முன்னிலையில், அடுத்த பயிற்றுவிப்பாளரை விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் ஸ்கொற் வூட்வேட் தெரிவுசெய்யப் போவதில்லை என அறிவித்தார். அதனிலும் நாட்டின் ஜனாதிபதியிடம் அத்தெரிவை விட்டுவிடலாம் எனவும் ஏளனஞ் செய்தார். மறுநாள் வூட்வேட் பதவியில் இல்லை. ஆளுநரின் சினத்துக்கு நியாயம் இல்லாமலில்லை. இதே வூட்வேட் 2017இல் ரெக்சஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே ஜிம்போ பிஷர் என்பவர் பத்தாண்டு, 75 மில்லியன் டொலர் உத்தரவாதத்தோடு நியமிக்கப்பட்டார். வூட்வேட் விலகிச் சென்றபின் 2021இல் அவ்வொப்பந்தம் 2031வரை நீடிக்கப்பட்டு, 2023இல் பிஷர் விலக்கப்பட்டபோது நட்டஈடு 75 மில்லியனையுந் தாண்டியது. ஆயினும் மருத்துவம் நோயிலும் கொடிதாயிற்று. கொடையாளரின் பிடியிலிருந்து பயிற்றுவிப்பாளர் நியமனத்தை மீட்பதற்கு அரசியல்வாதியின் கையில் ஒப்படைத்தல் மீட்சியாகாது. பல்கலைக்கழகங்களின்மீது அரசியற் கை படிவதன் விளைவுகளை நேரிற் கண்ட எமது தலைமுறைக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்வளவு நிகழ்ச்சிகளிலும் ஆசிரிய சபையின் குரல் எங்கும் தீர்மானகரமாக ஒலிக்கவில்லை என்பதே குறிக்கத்தக்கது.

இறுதியில் வந்தவர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் லேன் கிஃபின். ஏழாண்டு, 91 மில்லியன் அளவு. அவருடைய பழைய அணி பன்னிரண்டில் ஒன்றே தோற்று, வரலாற்றில் முதன்முறையாகத் தேசிய வாகைச் சுற்றுக்குட் புகும் தறுவாயில் இருந்தது. அவ்வணியை விட்டே அவர் வந்தார். இதுவும் புதிதன்று. 2009 டிசம்பரில் கெலி, ஓராட்டமும் தோற்காத சின்சினாற்றி அணியை அதன் இறுதிப் போட்டிக்கு முன்னரே விட்டு நொற்றர் டேமுக்குச் சென்றார். 2021 நவம்பரில், வாகைச் சுற்றுக்கான வாய்ப்பு எஞ்சியிருக்கையில், நொற்றர் டேமை விட்டு லூயிசியானாவுக்குச் சென்றார். ஒருவரை அவருடைய மாணவரைக் கைவிடும்படி தூண்டி அழைத்துவரும் நிறுவனம், அவர் ஒருநாள் தன் மாணவரையும் கைவிடுவார் என்பதை எதிர்பார்த்தல் வேண்டும். பேராசிரியர் ஒருவர் தேர்வுக்கு முதல்வாரம் வகுப்பை விட்டு வேறு பல்கலைக்கழகம் சென்றால் அவரை எந்தத் துறை மதிக்கும்? பயிற்றுவிப்பாளர் விடயத்தில் அதுவே தகுதியாகக் கொள்ளப்படுகின்றது. ஆட்டக்காரனோ 2021வரை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறின் ஓராண்டு ஆடாது அமர்ந்திருக்க வேண்டும் என்பதே பொதுவிதியாக இருந்தது. ஒப்பமிட்டவர் ஓரிரவிற் பறக்கலாம். அவரை நம்பி வந்த பதினெட்டு வயது மாணவன் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும்.

இம்முறைக்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயங்களை ஒதுக்கிவிட்டுச் செல்வது முறையாகாது. சந்தை தீர்மானிக்கின்றது என்பது அவற்றுள் தலையாயது. சந்தையில் தோற்றவன் நட்டமடைவான். இங்கோ தோற்றவருக்கே பெரும் பரிசு. வாங்குவோர் அனைவரும் பல்கலைக்கழகங்களே. ஒன்றையொன்று அஞ்சித் தாமே விலையை ஏற்றிவிட்டு, விலை ஏறியதே என முறையிடுகின்றனர். மேலும், உழைப்பாளியின் கூலியை மறுத்துப் பெற்ற மிகுதியைச் சந்தைவிலை என அழைப்பது பொருளியலாகாது. ஆட்டக்காரருக்கு வழங்கத்தக்க கல்விசார் உதவிகளைக் கட்டுப்படுத்தியது சட்டமுரண் என 2021இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படியே பல்கலைக்கழகங்கள் நேரடியாக அவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கின. அதன் உச்சவரம்பு முதலாண்டில் ஏறத்தாழ 20.5 மில்லியன், ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளினதும் எல்லா ஆட்டக்காரருக்கும் சேர்த்து. கெலி ஒருவர் வேலை செய்யாதிருப்பதற்காகப் பெறவுள்ள தொகை அவ்வளவு பேரின் இரண்டரை ஆண்டுப் பங்கிலும் கூடியது.

பணம் மாணவருடையதன்று, கொடையாளருடையது என்பர். கொடை எனப்படுவது வரிச்சலுகை பெற்ற அறநிலையங்களின் ஊடாகவே வருகின்றது. ஆகவே அதில் பொதுமக்களின் பங்கும் உண்டு. அதனிலும் முக்கியமானது வேறு. நட்டஈட்டைக் கொடுப்பவன் அடுத்தவரைத் தெரிவுசெய்யும் உரிமையையும் சேர்த்தே வாங்குகின்றான். விளையாட்டு தன் செலவைத் தானே ஈட்டுகின்றது என்ற வாதமும் நிலைக்காது. கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கணக்கின்படியே 2019இல் செலவிலும் வருவாய் மிக்க விளையாட்டுத் துறைகள் 25 மாத்திரமே. ஏனையவற்றின் குறையை நிரப்புவனவற்றுள் மாணவரிடம் அறவிடும் கட்டணமும் ஒன்று.

அவசரத்துக்குக் காரணம் நாட்காட்டி என்பது மூன்றாவது நியாயம். பாடசாலை மாணவர் அணியிற் சேர ஒப்பமிடும் காலம் 2017 முதல் டிசம்பருக்கு முன்தள்ளப்பட்டமையால், நவம்பரில் வெறிதாகும் பதவியை உடன் நிரப்பாவிடின் மாணவரை இழப்போம் என்கின்றனர். உண்மை. ஆனால் அந்நாட்காட்டியை வகுத்தவர் வானத்திலிருந்து இறங்கியவரல்லர். இதே பல்கலைக்கழகங்களும் அவற்றின் கூட்டமைப்புகளுமே. தன் கையால் பூட்டிய கதவைக் காட்டி வெளியேற வழியில்லை எனப் புலம்புவது நேர்மையன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக, மாற்றினால் வெற்றி வரும் என்ற நம்பிக்கையே ஐயத்துக்குரியது. ஸ்கொற் அட்லர் முதலிய மூன்று அரசியல் விஞ்ஞானிகள் 1997 முதல் 2010 வரையான கல்லூரிக் கால்பந்துப் பேறுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். மிகத் தாழ்ந்த அணிகளில் பயிற்றுவிப்பாளர் மாற்றத்தினால் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை. நடுத்தர அணிகளிலோ மாற்றிய பின்னர் நிலைமை, மாற்றாத ஒத்த அணிகளிலும் பார்க்கத் தாழ்ந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. பல்கலைக்கழகங்களே பேணி வளர்க்கும் ஆய்வுமுறை பல்கலைக்கழகங்களுக்கே கூறிய செய்தி இது. தன் வளாகத்தின் ஆய்வுக்குச் செவிசாய்க்காத நிறுவனம் பிறர் அதற்குச் செவிசாய்க்க வேண்டுமென எவ்வாறு எதிர்பார்க்கலாம்?

இவற்றையெல்லாம் கண்டு, அணிகளையே ஒழித்துவிடல் தகும் என்பாருமுளர். சிக்காகோவில் ரொபேட் ஹட்சின்ஸ் 1939இல் செய்தது அதுவே. மூன்றாண்டின் பின், 1942 டிசம்பர் 2ஆம் திகதி, வெறுமையான அவ்வரங்கின் இருக்கைகளின் கீழ் உலகின் முதல் அணுத்தொடர்த்தாக்கம் நடத்தப்பட்டது. ஹட்சின்ஸின் அடியார்கள் இதனை அறிவின் வெற்றியாக எடுத்துக்காட்டுவர். அத்தாக்கம் எதற்கு வழிகோலியது என்பதை நினைக்கும்போது, அரங்கில் ஆட்டமே நிகழ்ந்திருக்கலாமே என்ற எண்ணம் எழாமலில்லை. அது நிற்க. உடலுழைப்பும் கூட்டுமுயற்சியும் கல்வியின் பகுதியே என்பதை மறுப்பதற்கில்லை. வறிய கறுப்பின இளைஞர் பலருக்குப் பல்கலைக்கழக வாயில் இவ்வழியாகவே திறந்தது என்பதையும் மறத்தலாகாது. ஆட்டத்தை ஒழிக்கவேண்டியதில்லை. ஆட்டத்தைக் கற்பிப்பவரை ஆசிரியராகக் கருதி, ஆசிரியரை எடுப்பதுபோல் எடுத்தாற் போதும்.

அவ்வாறாயின் செய்யவேண்டியவை அரியனவல்ல. பதவி உண்மையாகவே விளம்பரஞ் செய்யப்படல் வேண்டும். தேடல் நிறுவனத்தின் இடத்தில் குழுவொன்று இருத்தல் வேண்டும். அதில் ஆசிரியரும், அணியின் மாணவராற் தெரியப்பட்ட இருவரேனும், வாக்குரிமையோடு அமர்தல் வேண்டும். முன்னர் அவரிடம் பயின்றோர் பட்டம் பெற்றனரா, காயமுற்றோர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்ற வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறப்படல் வேண்டும். பட்டச் சான்றிதழும் பார்க்கப்படல் வேண்டும். நட்டஈடு ஓராண்டு ஊதியத்தைத் தாண்டலாகாது. பருவம் முடியுமுன் பிறர் அணியின் பயிற்றுவிப்பாளரோடு பேசுவதில்லை எனக் கூட்டமைப்புகள் தமக்குட் கட்டுப்படல் வேண்டும்.

இந்நிபந்தனைகளுக்கு உட்பட்டு நல்ல பயிற்றுவிப்பாளர் எவர் வருவார் என்று கேட்பார்கள். ஜோன் வுடன் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து பயிற்றுவிக்க வந்தது 1948இல். தேசிய வாகை முதன்முறை கிட்டியது பதினாறாவது பருவமான 1964இல். அம்முறையையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை. 1980இல் டியூக் பல்கலைக்கழகத்தின் பணிப்பாளர் ரொம் பற்றேர்ஸ், இராணுவக் கல்லூரி அணியோடு அப்பருவத்தில் 9 வெற்றியும் 17 தோல்வியும் கண்டிருந்த மைக் சிசெவ்ஸ்கி என்ற முப்பத்துமூன்று வயதினரைத் தெரிந்தெடுத்தார். முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றி, 47 தோல்வி. கொடையாளர் அவரை நீக்கும்படி நெருக்கினர். 1984 ஜனவரியில் பற்றேர்ஸ் அவருடைய ஒப்பந்தத்தை மேலும் ஐந்தாண்டு நீடித்தார். சிசெவ்ஸ்கி 2022வரை அங்கேயே இருந்தார். ஐந்து தேசிய வாகைகள் அவருடைய காலத்தவை. அத்தெரிவும் பகிரங்கப் போட்டியன்று, ஒருவரின் தீர்ப்பே. ஆயினும் தோல்விகளின் பட்டியலோடு வந்தவரிடத்து ஆசிரியனை இனங்கண்ட தீர்ப்பு அது. அத்தகையவர் இன்றும் சிறு கல்லூரிகளில் இருக்கின்றனர். அவர்களுக்கு முகவரும் இல்லை, தனி விமானம் அனுப்புவோரும் இல்லை. விளம்பரம் வெளிவந்தால் அவர்கள் விண்ணப்பிப்பார்கள்.